நோய்க்கு இசைந்த உணவும் மனத்திற்கு இசைந்த உணவும்

(திருவொற்றியூரில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எம்மைப் பேசுமாறு பணித்த பொருள் அடுப்பங்கரையைச் சார்ந்தது. துறைமுகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் கணக்கெழுதிய கை, கரண்டி பிடித்த கதையைச் சொல்லப் புகுகின்றதே என்று உங்களுள் சிலர் நகைத்தலும் கூடும். நகைத்துக்கொள்க, அதனால் எமக்குக் குறைவில்லை. எம் இல்லத்தில் நேர்ந்த பிழையொன்று மற்றோர் இல்லத்தில் நேராதிருக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

நாம் கூடியிருக்கும் இவ்வூர்க் கடற்கரையில் பட்டினத்தடிகளின் சமாதி இருப்பதை அறியாதார் இலர். அடிகள் பேய்க்கரும்பொன்றைக் கையிலேந்தி ஊரூராகச் சென்றார் என்றும், அதன் நுனி எவ்விடத்தில் இனிக்குமோ அவ்விடமே அவருக்கு முத்தித் தலம் என்பது இறைவன் ஆணை என்றும், அது இவ்வொற்றியூரிலே இனித்தது என்றும் முன்னோர் கூறுவர். கைத்த கரும்பு இனித்த ஊரில் நின்றுகொண்டு, நோயாளிக்குக் கைத்துப்போன சோற்றை இனிக்கச் செய்வது எவ்வாறு என்று ஆராய்வது பொருத்தமேயன்றோ?

முதற்கண் நோய் இன்னதென்று சொல்லுவோம். நம் உடலில் வெளிக்கிருமிகளை எதிர்த்துப் போர்புரியும் காவற்படை ஒன்றுண்டு. அக்காவற்படை மதிமயங்கி, உடலின் சொந்த உறுப்பையே பகையென்று கருதித் தாக்குமானால் அதனைத் தன்னுடல் தாக்குநோய் என்பர். அது கைகால் மூட்டுக்களைத் தாக்கினால் முடக்குவாதம். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியைத் தாக்கினால் ஒருவகைத் தைராய்டு நோய். கணையத்தைத் தாக்கினால் முதல் வகை நீரிழிவு. தோலைத் தாக்கினால் சொரியாசிஸ். தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பலவிடத்தும் தாக்கினால் லூபஸ். கோதுமையுணவு காரணமாகச் சிறுகுடலைத் தாக்கினால் சீலியாக் நோய். இவை தொற்று நோய்கள் அல்ல. தொட்டாலும், உடனுண்டாலும், ஒரே பாயிற் படுத்தாலும் பரவுவன அல்ல. இவற்றுட் பல பெண்மக்களையே மிகுதியாகப் பற்றுகின்றன. முடக்குவாதம் ஆடவரைக் காட்டிலும் பெண்டிர்க்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. லூபஸ் நோயாளர் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பதின்மர் பெண்டிரே.

நிற்க. எம் இல்லத்துச் செய்தியைக் கூறுவோம். எம் மருமகளுக்கு இருபத்தெட்டாம் வயதில் இரு கைவிரல்களிலும் வீக்கங் கண்டது. விடியற்காலையில் எழுந்தால் ஒரு மணிநேரம் விரல் மடங்காது. காசிமேட்டிலிருந்து கூடை வந்து இறங்கினால், நாங்கள் ஒரு மீன் ஆயுமுன் மூன்று மீன் ஆய்ந்து முடிக்கும் கை, அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து அழுதது. மருத்துவர் குருதி சோதித்து, முடக்குவாதம் என்று கூறி மருந்தெழுதிக் கொடுத்தார். இரண்டு திங்களில் வீக்கம் தணிந்தது. அப்பொழுதுதான் எமக்கு அறிவு கூடிற்று! உறவினர் ஒருவர், மேனாட்டார் இந்நோயை உணவாலேயே ஓட்டிவிடுகின்றனர் என்று சொல்லி, விலக்க வேண்டியவற்றின் பட்டியலொன்றைக் கொணர்ந்தார். அரிசி ஆகாது, கோதுமை ஆகாது, பருப்பு ஆகாது, பால் ஆகாது, முட்டை ஆகாது, தக்காளி ஆகாது, மிளகாய் ஆகாது, கத்தரியும் உருளையும் ஆகா. மருந்து வயிற்றைப் புண்ணாக்கும், பத்தியமே போதும் என்றார். யாமும், "ஆம், நம் முன்னோரும் பத்தியங் காத்தனரே" என்று தலையசைத்து, மாத்திரையை நிறுத்துமாறு அவளிடம் கூறினோம். கூறியது யாமே, பிறர்மேற் பழி போடுவதற்கில்லை.

ஐந்து திங்கள் கழிந்தன. வேகவைத்த கிழங்கும் உப்பில்லாக் காயும் தனித் தட்டில் வைத்து அவள் தனியே உண்டாள். உடல் 9 கிலோ இளைத்தது. வீக்கமோ மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் ஏறிற்று. மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, வலக்கையின் இரு விரல்களில் மூட்டு அரிக்கப்பட்டுவிட்டது என்றும், அரித்தது மீளாது என்றும் அறிந்தோம். அந்த மருத்துவ அம்மையார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, உணவை நீங்கள் மாற்றுங்கள், நான் தடை சொல்லவில்லை. மருந்தை மாற்றுவது மட்டும் என் வேலையாக இருக்கட்டும்" என்றார். அன்று வீடு திரும்புகையில் மருமகள் எம்மிடம் சொன்ன சொல் இன்னும் எம் செவியிலேயே நிற்கின்றது: "மாமா, நோய் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், தனித் தட்டு வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை."

அன்றிலிருந்து யாமும் எம் இல்லாளும் இப்பொருளைக் கற்கத் தொடங்கினோம். கற்றவற்றுள் தலையாயது இது: இந்நோய்களுக்கு உணவு செய்யும் உதவி ஒருதன்மைத்தன்று. ஒரு நோயில் உணவே மருந்து. ஏனையவற்றில் உணவு மருந்துக்குத் துணை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே எமது பிழை.

உணவே மருந்தாகும் நோய் சீலியாக் நோய். அது மேனாட்டில் அறியப்பட்ட வரலாறு கேட்கத் தக்கது. 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ என்பார் இந்நோயை விரித்தெழுதி, உணவு முறையாலேயே இதற்கு வழி காண வேண்டும் என்று கருதினார். எவ்வுணவு என்பது அவர்க்கு விளங்கவில்லை. ஹாலந்து தேசத்தில் வில்லெம் டிக்கே என்னும் குழந்தை மருத்துவர், கோதுமையே காரணமாகலாம் என்று ஐயுற்றிருந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்நாட்டில் கொடும் பஞ்சம் நேர்ந்து ரொட்டி அரிதாயிற்று. ஊரார் வாட, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி மீண்டும் வந்ததும் நோயும் மீண்டது. 1950இல் அவர் தம் ஆய்வுரையை வெளியிட்டார். கோதுமை, பார்லி, ரை என்னும் தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதமே பகை என்று பின்னர்த் தெளிந்தனர். அதனை வாழ்நாள் முழுதும் விலக்குவதே இன்றளவும் இந்நோய்க்கு உரிய மருத்துவம்.

வட இந்தியாவில் கோதுமையுண்போரிடை இந்நோய் மிகுதி; நம் பக்கத்தில் குறைவு. குறைவாதலின் ஐயுறுவாரும் குறைவு. ஓயாத வயிற்றுப்போக்கு, வளர்ச்சிக் குறைவு, இரும்புச்சத்து மாத்திரைக்கும் அடங்காத குருதிச்சோகை என்பன குழந்தையிடம் காணப்படின் மருத்துவரை வினவுக. ஒன்று நினைவிற் கொள்க: சோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் குருதிச் சோதனையும் குடற் சோதனையும் நோயில்லை என்றே பொய்யாகக் காட்டும்.

சோறும் கேழ்வரகும் கம்பும் தினையும் சாமையும் வரகும் உண்ணும் நமக்கு இதிலென்ன துன்பம் என்பீர்கள். கோதுமை முன்வாயிலால் மட்டும் வருவதில்லை; கொல்லை வாயிலாலும் வரும். ரவையும் மைதாவும் சேமியாவும் கோதுமையே. பானமாகக் கரைத்துக் கொடுக்கும் மால்ட்டு மாவு பார்லியிலிருந்து ஆவது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ பெரும்பாலும் கலந்திருக்கும். சாம்பாரும் ரசமும் அதனாற் கெடும். டப்பாவின்மேல் எழுதியிருப்பதைப் படித்து, அரிசி மாவு கலந்ததையே வாங்குக. இல்லையேல் பெருங்காயத்தை விட்டுப் பூண்டைத் தட்டிப் போடுக. எல்லாவற்றினும் கரவானது தெருமுனை மாவு மில். முன்னே ஒருவர் கோதுமை அரைத்துச் சென்ற எந்திரத்தில் பின்னே நம் கேழ்வரகு அரைபடுகின்றது. எண்ணூரிலிருக்கும் எம் உறவுக் குழந்தை ஒன்றுக்குக் கோதுமையை அடியோடு விலக்கியும் நோய் தணியாதது கண்டு திகைத்துப் பின்னர்த் தேடியதில், இம்மில்லே காரணமென்று அறிந்தனர். இப்பொழுது அரிசியையும் கேழ்வரகையும் வீட்டிலேயே ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் அரைத்துக்கொள்ளுகின்றனர். பூரி பொரித்த எண்ணெயில் அக்குழந்தைக்கு அப்பளம் பொரிப்பதுமில்லை.

அக்குழந்தைக்கு இருந்த பெருங்குறை அத்தோ. பர்மாவில் 1962இல் படைத்தலைவர் ஆட்சி ஏற்பட்டு, வாணிகங்கள் அரசுடைமையான பின்னர், உடுத்த துணியோடு தாயகம் திரும்பிய தமிழர் பலர் வட சென்னையில் குடியேறினர். அவர்களோடு வந்தது அத்தோ என்பதை நீங்கள் அறிவீர்கள். மாலையில் வண்டிக்கடை முன் பிள்ளைகள் கூடி நிற்க, இப்பிள்ளை மட்டும் வீட்டில் அழும். அந்நூல் மைதாவால் ஆவது. அதன் பாட்டியார் செய்த உபாயம் என்னவெனில், அரிசி இடியாப்பத்தைப் பிழிந்து ஆறவிட்டு உதிர்த்து, மெல்லியதாய் அரிந்த கோசும் வெங்காயமும் சேர்த்து, புளிக்கரைசலும் வறுத்த மிளகாய்த்தூளும் பூண்டெண்ணெயும் விட்டுப் பிசைந்து, பொன்னிறமாக வறுத்த வெங்காயத்தை மேலே தூவி, பக்கத்தில் வாழைத்தண்டுச் சாறும் வைத்துக் கொடுத்தார். பர்மியர் மொய்ங்கா என்னும் தம் மீன்குழம்பை அரிசி நூலோடுதான் உண்பர். ஆகவே இஃது அம்மரபுக்கும் புறம்பன்று. இன்று தெருப்பிள்ளைகள் அவ்வீட்டு வாயிலில் கூடுகின்றனர்!

இனி, உணவு துணையாக மட்டும் நிற்கும் நோய்களைப் பார்ப்போம். எமக்குக் கொணர்ந்த பட்டியல் அமெரிக்காவில் வழங்கும் உணவு முறை ஒன்றினுடையது. தானியம், பருப்பு, பால், முட்டை, கொட்டைகள், கத்தரிக் குடும்பத்துக் காய்கள் யாவற்றையும் சில வாரம் நிறுத்திப் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது ஒவ்வாதது எனக் காண்பதே அதன் உண்மை முறை. வாழ்நாள் விரதம் அன்று. குடலழற்சி நோயாளர் 15 பேரிடம் இம்முறையைச் செய்துபார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது, பலர் நலங்கண்டனர். பதினைந்து பேரைக் கொண்டு உலகுக்கு விதி வகுத்தல் இயலாது. அவர்களுட் பலர் மருந்தையும் உட்கொண்டே இருந்தனர். தக்காளியும் கத்தரியும் முடக்குவாதத்தை வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்றும் இன்றளவும் இல்லை. ஒருவர்க்கு ஒவ்வாதது மற்றவர்க்கு ஒக்கும். ஆகவே யாம் கடைப்பிடிக்கும் முறை இது: மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு சமயத்தில் ஒரு பொருளையே மூன்று நான்கு வாரம் நிறுத்துக, நோட்டில் குறித்துவருக, பின்னர்ச் சேர்த்துப் பார்க்க. வேறுபாடில்லையேல் அப்பொருளுக்கு விடுதலை அளித்துவிடுக. எம் மருமகளுக்கு மிளகாய் மிகுந்தால் வயிறு எரிகின்றது. ஏனைய யாவும் ஒத்துக்கொண்டன. ஐந்து திங்கள் சோறின்றி அவளை வருத்தியது வீணே என்று அறிந்தபோது எமக்கு உண்டான வெட்கத்தை இங்கு மறைக்கமாட்டோம்.

மருந்தைப் பற்றியும் இரண்டொரு சொல். முடக்குவாதத்திற்கு வழங்கும் மெதோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரை வாரத்திற்கு ஒருமுறை உண்பது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. கிழமையைச் சமையலறை நாட்காட்டியிற் குறித்துவைக்க. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் நீரோடு உட்கொள்ளுக. காப்பியோடும், சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளோடும் சேர்த்து உண்டால் அது உடலிற் சேராது. ஸ்டீராய்டு உண்போர்க்கு எலும்பு தேயும், நீர் கோக்கும். ஆதலின் சுண்ணாம்புச்சத்து வேண்டும், உப்புக் குறைய வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து உண்டு. ஆகவே கேழ்வரகுக் கூழ் நன்று. கூழுக்குத் துணையாக நாம் விரும்பும் கருவாட்டில் உப்பு மிகுதி. அதனை அவர்க்குத் திங்களுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, ஏனைய நாள்களில் முருங்கைக்கீரைப் பொரியலும் சின்ன வெங்காயமும் வைக்கலாம்.

இனி ஆறுதல் தரும் சமையலுக்கு வருவோம். இராயபுரத்து ஸ்டான்லி மருத்துவமனையை நம் பாட்டிமார் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றே வழங்குவர். ஹைதர் அலியின் படையெடுப்பை அடுத்து வந்த பஞ்சத்தில் ஊர்விட்டு ஓடிவந்த ஏழைகட்கு 1782இல் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி வார்த்தனர். கஞ்சிக்கு வந்தோருள் பலர் நோயாளர். ஆகவே 1799இல் அங்கு மருத்துவமும் தொடங்கிற்று. அவ்விடத்தில் வளர்ந்த மருத்துவ நிலையமே 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாயிற்று. முதலிற் கஞ்சி, பின்னரே மருந்து. ஆயினும் கஞ்சியால் மட்டும் தீராது என்று கண்டதனாலன்றோ மருந்தும் வந்தது! நம் ஊர் நமக்குக் கற்பித்த பாடம் இதனினும் தெளிவாக வேறு யாதுளது?

அக்கஞ்சியையே முதலிற் சொல்லுவோம். நொய்யரிசி ஒரு பங்கை வெறுஞ் சட்டியில் மணம் வருமளவும் வறுத்து, எட்டுப் பங்கு நீரில் பூண்டுப் பற்கள் ஆறேழு, சிறிது சுக்கு, சீரகம், வெந்தயம் இட்டுக் குழைய வேகவைத்து, இறக்கும்போது தேங்காய்ப்பால் விடுக. காலையில் விரல் மடங்காத நோயாளிக்கு, இளஞ்சூடான கஞ்சிக் கிண்ணத்தை இரு கையாலும் பற்றிக்கொள்ளுவதே பாதி ஆறுதல்.

இரண்டாவது மிளகுத்தண்ணீர். மிளகாயும் தக்காளியும் உருளையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அவை வருமுன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பினர். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் நம் மிளகுத்தண்ணீரின் பெயரைத் திரித்து, "மல்லிகட்டானி" என்று தம் நாட்டுக்கே கொண்டுபோயினர். மிளகாய் ஒவ்வாதார் புதிதாக ஒன்றும் கற்கவேண்டுவதில்லை. பழையதை நினைத்துக்கொண்டாற் போதும். மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் நறநறவெனத் தட்டி, நீர்த்த புளிக்கரைசலில் இட்டு, நுரைகட்டியதும் இறக்கி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுக.

மூன்றாவது மீன். மீனெண்ணெயில் உள்ள ஒமேகா 3 என்னும் கொழுப்பு, முடக்குவாதத்தில் மூட்டுவலியையும் காலை விறைப்பையும் ஓரளவு தணிக்கின்றது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அது மிகுந்திருப்பது விலையுயர்ந்த வஞ்சிரத்தில் என்று எண்ணற்க. மலிவான கவலையும் மத்தியும் காணாங்கத்தையுமே அதனை நிறையத் தருவன. மாங்காயும் மிளகும் இட்டுச் செய்யும் குழம்பைச் சொல்லுவோம். சின்ன வெங்காயம், மிளகு, தனியா, சீரகம், தேங்காய் இவற்றை வதக்கி அரைத்து, மண்சட்டியில் மஞ்சளோடு கொதிக்கவிட்டு, பச்சை வாசனை போனபின் மாங்காய்த் துண்டும், அது பாதி வெந்தபின் மீனும் இடுக. மீன் இட்டபின் கரண்டி போடாது சட்டியைச் சுழற்றுக. தக்காளியைத் தேடுவார் எவரும் எம் வீட்டில் இலர்.

நம் குலத்துப் பிள்ளைபெற்ற தாய்மார்க்கு ஆக்கும் சுறாப்புட்டையும் மறக்கலாகாது. பால்சுறாவை மஞ்சளிட்டு வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, நீரைப் பிழிந்து, பூண்டும் இஞ்சியும் வெங்காயமும் மிளகும் சேர்த்து வதக்கினால், பல்லுக்கும் வருத்தமில்லை, விரலுக்கும் வருத்தமில்லை. ஆயினும் சுறா போன்ற பெருமீன்களின் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால், குறிப்பாகக் கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் அதனை அரிதாகக் கொடுத்து, சிறுமீனையே பெரிதும் கொடுக்க. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி நம் வலைகளைக் கறுப்பாக்கியதை நாம் மறக்கவில்லை. மீனை வாங்கும்போது, ஆழ்கடலில் பிடித்ததா, கழிமுகத்தில் பிடித்ததா என்று ஒரு சொல் கேட்டு வாங்குதல் நோயாளியுள்ள இல்லத்தார்க்கு நன்று.

மேற்கூறிய பண்டங்களுள் நோயாளிக்கெனத் தனியே ஆக்க வேண்டியது ஒன்றுமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பத்தியம் என்னும் வடசொல்லுக்கு "வழிக்கு உகந்தது" என்பதே பொருள். தண்டனை என்று பொருளில்லை. திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரமும் பெரும்பாலும் உண்ணும் முறையையே பேசுகின்றது. எம் வீட்டில் இப்பொழுது அனைவர்க்கும் ஒரே குழம்பு. காரம் வேண்டுவோர் தம் இலையில் மிளகாய்த்தூள் தூவிக்கொள்ளுவர். தனித் தட்டு எடுத்து வைக்கப்பட்டுவிட்டது. மருமகள் மருந்தையும் உண்கின்றாள், மீனையும் உண்கின்றாள். வளைந்த இரு விரல்கள் நிமிரவில்லை. அவற்றை யாம் காணும்தோறும் எமது அவசரத்தை நினைந்துகொள்ளுகின்றோம்.

இறுதியாகச் சங்கத்தாரிடம் இரண்டு விண்ணப்பம். முதலாவது, நம் ஆண்டு விழா விருந்தில் ஓர் அடுப்பு கோதுமை கலவாததாக இருக்கட்டும். கேசரிக்கு மாற்றாக வெண்பொங்கலும், சேமியாப் பாயசத்திற்கு மாற்றாக ஜவ்வரிசிப் பாயசமும் வைத்தால் செலவு ஏறாது. பந்தியில் ஒரு குழந்தை வெறும் இலைமுன் உட்கார்ந்திராது.

இரண்டாவது, இதனினும் பெரிது. நம் பெண்மக்களுக்கு இந்நோய் கண்டால், வரன் தவறிப்போகும் என்று அஞ்சிப் பெற்றோர் மறைக்கின்றனர். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாது நாட்டு எண்ணெய் தடவி இருட்டில் வைக்கின்றனர். மூட்டு அரிபடுவது முதல் ஓரிரண்டு ஆண்டுகளிலேயே தொடங்குவதாகலின், மறைக்கும் அக்காலமே மருத்துவம் செய்தற்குரிய காலம். நோயை மறைத்து மணம் முடித்தால், புகுந்த வீட்டில் மாத்திரையையும் மறைக்க நேரும்; அதன் முடிவை யாம் கூறவேண்டுவதில்லை. தக்க மருத்துவத்தால் இந்நோயுற்ற பெண்டிர் மணந்து, மக்களைப் பெற்று, தொழில் செய்து வாழ்கின்றனர். குழந்தைப்பேறு வேண்டுங்கால் மருத்துவரை முன்னரே கலந்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஆகவே பெண் வீட்டார் நோயைச் சொல்லுக. பிள்ளை வீட்டார் அதனைக் குறையென்று தள்ளாதிருக்க. பஞ்சகாலத்தில் முன்பின் அறியாதவர்க்குக் கஞ்சி வார்த்த ஊரினர் நாம். நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கிண்ணம் கஞ்சியும், பந்தியில் ஓர் இடமும் தர மறுப்போமா?

 மீன்குழம்பின் அளவுகளை விரும்பும் தாய்மார்கள் கூட்டம் முடிந்தபின் எம் இல்லாளையே கேட்டுக்கொள்ளுக. உப்பின் அளவில் எம்மை நம்புதற்கில்லை.